பேசும் கடிகாரத்துக்கு நமது ஊர்க் குரல் போதும்

ஆசிரியர் அவர்கட்கு,

கண்பார்வை குன்றிய முதியவர்களுக்கு நேரத்தை வாய்விட்டுச் சொல்லும் கடிகாரம் ஒன்றைத் தனியாகப் பணம் கொடுத்து வாங்காமல், வீட்டில் கிடக்கும் கைபேசியிலோ பழைய கணினியிலோ இணைய உலாவியின் மூலமே அமைத்துக்கொள்ளலாம் என்பது இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. உப்புவெளிப் பகுதியில் நானும் என்னிடம் முன்னர் கணிதம் படித்த சிலரும் அவ்வாறு சில வீடுகளில் அமைத்துக் கொடுத்திருக்கிறோம். அந்த வேலையில் கண்ட குறைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கடிகாரம் சரியாக ஓடுகிறது; குரல்தான் சரியாக வாய்ப்பதில்லை. அந்தக் குரலுக்காக வெளிநாட்டு நிறுவனங்கள் எதைத் தருகின்றன என்று நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நேரம் சொல்வதற்கு வேண்டிய அளவு தமிழைத் திருகோணமலையிலேயே ஒருவரின் குரலில் பதிவு செய்து எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடலாம். இதனைத் தங்கள் வாசகர்களுக்கும், பொது நூலகங்களையும் முதியோர் சங்கங்களையும் நடத்துவோருக்கும் எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கைபேசியே நேரம் சொல்லும்போது இதற்கென்று தனிக் கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இளவயதிலேயே பார்வையை இழந்து, திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளில் நன்கு பழகியவர்களுக்கு இது தேவையில்லைதான். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்திருப்பவர் இன்சேர்ட் விசையையும் எஃப்12 விசையையும் சேர்த்து அழுத்தினால் நேரம் காதில் விழுந்துவிடும். நான் மனதில் வைத்து எழுதுவது வேறு ஆட்களை. எழுபது வயதுக்குப் பிறகு குளுக்கோமாவினாலோ நீரிழிவினாலோ பார்வை மங்கி, சுவர்க் கடிகாரத்தின் முள் தெரியாமற் போனவர்கள், புதிதாக ஒரு மென்பொருளையும் அதன் விரலசைவுகளையும் கற்றுக்கொள்ளும் வயதைக் கடந்தவர்கள் அவர்கள். கோயில் மணியும் பாங்கோசையும் வானொலிச் செய்தியும் அவர்களுக்குப் பகற்பொழுதைப் பகுத்துக் கொடுக்கின்றன. இரவில் விழித்துக்கொண்டால் விடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறிவதற்குத் தூங்குகிறவரை எழுப்பித்தான் கேட்கவேண்டும். பலர் எழுப்ப மனமில்லாமல் படுத்தே கிடந்துவிடுகிறார்கள். குளுக்கோமாவுக்கான சொட்டு மருந்தைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை விடச் சொல்லியிருந்தால், அந்த இடைவெளியைக் குத்துமதிப்பாகக் கணக்கிடவும் முடியாது.

உலாவியிலிருந்து பேசும் கடிகாரத்தைத் தொடக்குவது புதிய யோசனையல்ல. ஜாவா என்ற நிரல்மொழியை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2001இல் ஜாவா வெப் ஸ்டார்ட் என்ற வசதியை வெளியிட்டது. இணையப் பக்கத்தில் உள்ள ஓர் இணைப்பைச் சொடுக்கினால் ஜேஎன்எல்பி என்று முடியும் சிறிய கோப்பு ஒன்று இறங்கும். அதில் எழுதியிருப்பதைப் பார்த்து ஜாவா தனக்கு வேண்டிய பகுதிகளைத் தானே வரவழைத்து, உலாவிக்கு வெளியே தனிச் சாளரத்தில் நிரலைத் திறந்துவிடும். அந்நிறுவனத்தின் ஆய்வுகூடத்தார் ஜாவாவிலேயே எழுதி இலவசமாக வெளியிட்ட ஃபிரீடிடிஎஸ் என்னும் பேச்சு மென்பொருளுடன் கிடைத்த செயல்விளக்கங்களுள் ஒன்று, இப்படி ஒரு சொடுக்கில் தொடங்கும் பேசும் கடிகாரம். பழைய பாடக்குறிப்புகளை வைத்துக்கொண்டு அதை இன்றும் அமைக்க முயல்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஜாவாவை இறக்கி நிறுவிவிட்டு, சொடுக்கினால் ஒன்றும் திறக்கவில்லையே என்று வந்து நிற்பார்கள். திறக்காது. 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7இன் 51ஆம் புதுப்பிப்பு, முறையாகக் கையொப்பமிடப்படாத இத்தகைய நிரல்களை இயல்பாகவே தடுத்தது. 2018 செப்டெம்பரில் வெளிவந்த ஜாவா 11இல் வெப் ஸ்டார்ட் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. அதற்காகப் பழைய ஜாவா பதிப்பைத் தேடி நிறுவுவது, பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத மென்பொருள் ஒன்றை முதியவரின் வீட்டுக் கணினியில் கொண்டுபோய் வைப்பதாகும். அதைத் தயவுசெய்து யாரும் செய்யவேண்டாம்.

ஆயினும் அந்தப் பழைய கடிகாரத்தின் குரலைப் பற்றி ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். அது கொடுத்த எதையும் வாசிக்கும் குரல் அல்ல. நேரம் சொல்லும் வாக்கியங்களை மட்டும் ஒருவர் வாசிக்க, அவற்றைப் பதிவு செய்து, அந்தப் பதிவிலிருந்து எடுத்த துண்டுகளைக் கோத்துப் பேசவைத்த குரல். சொல்லவேண்டியது சிறிய வட்டத்துக்குள் அடங்குமானால், அதற்கென்றே பதிவு செய்த மனிதக் குரல் மிக இயல்பாக ஒலிக்கும் என்பது அத்துறையினர் நன்கறிந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் கணினிக் குரல்களை உருவாக்கக் கற்பிக்கும் வழிகாட்டியிலும் பேசும் கடிகாரமே பயிற்சியாக வைக்கப்பட்டிருக்கிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1936 ஜூலை 24இல் இலண்டனில் தொடங்கப்பட்ட தொலைபேசி நேரச் சேவையைச் சொல்லலாம். எதெல் கேன் என்ற தொலைபேசி நிலையப் பணியாளரின் குரலைக் கண்ணாடித் தட்டுகளில் ஒளிமுறையில் பதித்து, மணிக்கும் நிமிடத்துக்கும் விநாடிக்கும் உரிய துண்டுகளை ஓர் இயந்திரம் வரிசையாக எடுத்து ஒலித்தது. மேசைக் கணினி என்ற சொல்லே இல்லாத காலத்து வேலை அது.

இன்றைய உலாவிகளில் எழுத்தைக் கொடுத்தால் பேசும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதற்கான வரையறை 2012இல் வெளியானது. குரோம் உலாவியில் 2014இலிருந்து கிடைக்கிறது. ஆகவே எவரும் சில வரிகளில் பேசும் கடிகாரப் பக்கம் ஒன்றை எழுதிவிடலாம். பலர் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இடையூறு எங்கே வருகிறதென்றால், உலாவி பெரும்பாலும் கருவியில் ஏற்கனவே உள்ள குரல்களைக்கொண்டே பேசுகிறது. தமிழ்க் குரல் இறக்கப்பட்ட அன்ட்ரொய்ட் கைபேசியில் அந்தப் பக்கம் தமிழில் பேசும். அதே பக்கத்தை விண்டோஸ் கணினியில் குரோமில் திறந்தால், விண்டோஸில் தமிழ்க் குரல் சேர்க்கப்பட்டிராதபோது, கடிகாரம் வாயே திறக்காது. அல்லது எண்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடும். எட்ஜ் உலாவியில் இலங்கைத் தமிழுக்கென்றே சரண்யா, குமார் என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன. கேட்க நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அவை இணைய இணைப்பு இருக்கும்வரைதான் பேசும். டேட்டா முடிந்த இரவில் நேரம் சொல்லாத கடிகாரத்தை வைத்து என்ன செய்வது? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது கைபேசிச் சமிக்ஞையும் சேர்ந்து போனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

குரல் கிடைத்தாலும் அது சொல்லும் முறை இன்னொரு தொல்லை. கருவியில் 24 மணித்தியால முறை தெரிவு செய்யப்பட்டிருந்தால் பக்கம் அதை அப்படியே எடுத்து வாசித்துவிடும். ஒரு வீட்டில் டெப்லெட்டை மேசையில் நிறுத்திவைத்து, எண்பதைத் தாண்டிய அம்மையார் ஒருவரின் விரலைப் பிடித்துத் திரையைத் தொடவைத்தேன். மாலை ஆறேமுக்கால். கடிகாரம் கணீரென்று "பதினெட்டு நாற்பத்தைந்து" என்றது. அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "மாஸ்டர், இது நேரம் சொல்லுதோ, பஸ் நம்பர் சொல்லுதோ? ஆறேமுக்கால் எண்டு சொன்னால் என்ன?" என்று கேட்டார். பன்னிரண்டு மணித்தியால முறைக்கு மாற்றியபோது அது "ஆறு நாற்பத்தைந்து பிற்பகல்" என்றது. அதுவும் அவருக்கு ஒப்பவில்லை. ஒப்பாததில் வியப்பில்லை; பொழுதை முதலிலும் மணியைப் பின்னும் வைத்துத்தான் நாம் நேரம் சொல்கிறோம்; கால், அரை, முக்கால் என்றுதான் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சரி, அந்த அம்மையார் கேட்டபடி நேரம் சொல்ல எத்தனை சொற்றொடர்கள் வேண்டும்? ஆறேகால், ஆறரை, ஆறேமுக்கால் என்பவற்றை ஆறு என்ற பதிவோடு கால், அரை என்ற பதிவுகளை ஒட்டிப் பெறமுடியாது. ஒட்டினால் நடுவில் முறிந்து கேட்கும். எனவே பன்னிரண்டு மணிகளுக்கும் இம்மூன்று வடிவங்களையும் முழுதாகவே பதியவேண்டும், அது 36. முழு மணிகளுக்குப் பன்னிரண்டு பதிவுகள் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் "மூன்று மணி" என்று சொல்லி நிறுத்தும்போது குரல் தாழ்ந்து முடிகிறது, "மூன்று மணி இருபது நிமிடம்" என்று தொடரும்போது அதே சொற்களில் குரல் தாழாமல் அந்தரத்தில் நிற்கிறது. ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால், காது மட்டுமே துணையாக உள்ளவர் நேரம் சொல்லி முடிந்துவிட்டதென்று எண்ணி நகர்ந்துவிடுவார். ஆகவே முழு மணிக்கு இரண்டு தொகுதி, 24. நிமிடங்கள் 59இல், காலும் அரையும் முக்காலும் ஏற்கனவே வந்துவிட்டதால் மூன்றைக் கழித்து 56. இருபதையும் ஒன்றையும் தனித்தனியே பதிந்து சேர்த்துச் சிக்கனம் பிடிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். இருபத்தொன்று என்று புணர்ந்து வருவதை வெட்டி ஒட்டிப் பெறமுடியாது. பொழுதுகள் ஏழு: அதிகாலை, காலை, நண்பகல், பிற்பகல், மாலை, இரவு, நள்ளிரவு. மொத்தம் 123 சொற்றொடர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு விநாடி. எல்லாம் சேர்ந்து ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கைபேசியில் எடுக்கும் ஒரு படமே இதைவிடப் பெரியது.

பொழுதுகளைப் பற்றி வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு வரும் என்பதை அறிவேன். பிற்பகல் என்பதற்குப் பதிலாகப் பின்னேரம் என்றே பதிந்தால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வேண்டுமானால் இரண்டையும் பதிந்துவிட்டு, வேண்டியதைத் தெரிவு செய்ய விட்டுவிடலாம். மாலை எப்போது இரவாகிறது என்பதில் மட்டும் ஒரு முடிவு வேண்டும். இங்கே ஏழு மணிக்கு நன்றாக இருட்டிவிடுகிறது. அங்கேயே கோடு போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் பொதுவானதாகப் பதியும் குரலின் உச்சரிப்பு இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். வானொலி அறிவிப்பாளரின் மிடுக்குத் தேவையில்லை. வயதானால் முதலில் கேட்காமற் போவது உச்சச் சுருதி ஒலிகள்தான். ஆகையால் சற்றுத் தாழ்ந்த சுருதியில், அவசரமின்றி, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் பேசும் ஆணோ பெண்ணோ போதும்.

பதிவுக்குக் கூடம் தேடவேண்டியதில்லை. நல்ல கைபேசி ஒன்று போதும். மெத்தையும் துணிகளும் உள்ள சிறிய அறை, மின்விசிறியை நிறுத்திவைத்து, யன்னலைச் சாத்தி, கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக்காற்று மோதாது. கடற்கரையை ஒட்டிய எங்கள் பகுதியில் காற்றையும் காகத்தையும் தவிர்க்க இரவு எட்டு மணிக்கு மேற்பட்ட நேரமே நல்லது. சொற்றொடர்களைத் தனித்தனியே வாசித்தால் பட்டியல் படிக்கும் தொனி வந்துவிடும். "இப்போது நேரம் பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம்" என்று முழு வாக்கியமாக வாசித்துப் பின்னர் வெட்டியெடுப்பதே முறை. முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை ஒட்ட நறுக்கி, எல்லாவற்றின் ஒலியளவையும் ஒன்றாக்கவேண்டும். இந்த நறுக்கும் வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். உயர்தர வகுப்புத் தகவல் தொழில்நுட்ப மாணவர் இருவர் சேர்ந்தால் செய்து முடிக்கக்கூடியதே.

இனி, பக்கத்தை எழுதுவோருக்கும் வீடுகளில் அமைத்துக் கொடுப்போருக்கும் சில சொற்கள். 2018இலிருந்து குரோம், திறந்தவுடன் தானாக ஒலி எழுப்பும் பக்கங்களைப் படிப்படியாகக் கட்டுப்படுத்திவிட்டது. பயன்படுத்துபவர் ஒருமுறை தொட்ட பிறகே பேசவிடும். எனவே திறந்ததும் பேசவில்லை என்று கடிகாரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. திரை முழுவதையும் ஒரே பொத்தானாக்கி, எங்கே தொட்டாலும் நேரம் சொல்லும்படி செய்வதே பார்வை குன்றியவருக்கு ஏற்றது. மிச்சப் பார்வை உள்ளவருக்குக் கறுப்புப் பின்னணியில் பெரிய மஞ்சள் இலக்கங்கள் உதவும். அன்ட்ரொய்டின் திரைவாசிப்பானான டோக்பேக் இயங்கும் கருவியாயின் இரண்டு முறை தட்டவேண்டும் என்பதைச் சொல்லிவைக்கவேண்டும். விநாடி இலக்கம் மாறுவதையெல்லாம் திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும்படி பக்கத்தை எழுதிவிட்டால் அது ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும், வீட்டார் பொறுக்கமாட்டார்கள்.

கால்மணிக்கு ஒருமுறை தானாகச் சொல்லவேண்டுமானால் திரை அணையாமல் இருக்கவேண்டும். மின்னேற்றியில் செருகி மேசையில் நிறுத்திய பழைய டெப்லெட் அதற்குப் பொருத்தம். நிரல் எழுதுவோர் விநாடிகளைத் தாமே எண்ணிக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88இலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் எண்ணிகளை உலாவி நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுப்புகிறது. எண்ணிக்கையை நம்பிய கடிகாரம் பிந்திப்போகும். ஒவ்வொரு முறை பேசும்போதும் கருவியின் நேரத்தைப் புதிதாகக் கேட்டுச் சொல்லவேண்டும்.

கருவியின் நேரமே பிழையாக இருந்தால்? நேரம் பற்றி நமது மாவட்டத்துக்குத் தனி வரலாறு இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. 1996 மே 25இல் நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தன. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டோடு, மீதி அரை மணித்தியாலமும் திரும்பி, உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய கணக்குக்கே வந்து சேர்ந்தோம். இடைப்பட்ட பத்தாண்டில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே இந்த மாவட்டத்துக்குள்ளேயே, துறையைக் கடந்து போகும் தூரத்தில் இரண்டு நேரங்கள் நடந்தன. திருமண அழைப்பைக் கண்டாலும் புதிய நேரமா பழைய நேரமா என்று கேட்டுக்கொண்டோம். அந்த மாற்றங்களின் தடயம் கணினிகளுக்குள்ளும் தங்கியிருந்தது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியின் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற நேர வலயம் ஆறு மணித்தியாலம் என்றே இருந்தது. பிந்திய புதுப்பிப்பில்தான் ஐந்தரையாகத் திருத்தப்பட்டது. ஜாவாவும் நேர வலயப் பட்டியலைத் தனக்கென்று தனியாக வைத்திருந்ததால், விண்டோஸைத் திருத்திய பின்னும் பழைய ஜாவா அரை மணித்தியாலம் முந்திப் பேசக்கூடும்.

அதனால் பக்கத்துக்குள்ளேயே உலக நேரத்தோடு ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் வலயம் பிழையான கணினியில் யாரோ முள்ளைக் கையால் திருத்தி, பார்வைக்கு உள்ளூர் நேரம் சரியாகத் தெரியும்படி வைத்திருந்தால், உள்ளே உள்ள உலக நேரம் அரை மணித்தியாலம் பிந்தியிருக்கும். கூட்டினால் கடிகாரம் அவ்வளவும் பிந்திப் பேசும். எனவே முதலில் வலயத்தை ஆசியா, கொழும்பு என்று சரிசெய்து, நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கவிட்ட பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்கவேண்டும். நின்றுபோன கடிகாரம் நின்றுவிட்டது என்று தெரிந்துவிடும்; அரை மணித்தியாலம் பிழையாகப் பேசுவதைப் பார்வையற்றவர் எதனோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார்? நன்கொடையாக வரும் பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையின் சிஆர்2032 பற்றரியையும் பார்க்கவேண்டும். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று உலாவி பக்கத்தைத் திறக்கவே மறுக்கும். கடையில் வாங்கி மாற்றிவிடக்கூடிய சிறிய பற்றரிதான்.

மற்றவை எளியவை. ஒலிக்கோப்புகளைக் கருவியிலேயே சேமித்துக்கொள்ளும்படி எழுதிய பக்கத்தை எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரியில் வைத்து, முதல் தடவை மட்டும் இணையத்தோடு திறந்து, குரோமின் பட்டியலில் உள்ள முகப்புத் திரையில் சேர் என்பதை அழுத்திவிட்டால் அது செயலியைப்போல் தனிச் சின்னமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டை விட்டுப் புறப்படுமுன் கைபேசியை விமான நிலைக்கு மாற்றி, மூடித் திறந்து, இணையமின்றியும் பேசுகிறதா என்று பார்ப்பது அவசியம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். நேரம் சொல்வதற்கு ஒலிவாங்கியும் தேவையில்லை, இருப்பிடத் தகவலும் தேவையில்லை. இணையத்தில் தேடிப் பிடித்த கடிகாரப் பக்கம் ஏதாவது இவற்றுக்கு அனுமதி கேட்டால், மறுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பதே புத்தி. இத்தகைய பக்கங்கள் சிலவற்றில் கடிகாரத்தைவிட விளம்பரங்களே பெரிதாக இருக்கின்றன. திரை தெரியாத ஒருவரின் விரல் எதில் படும் என்று சொல்லமுடியாது.

இந்த 123 பதிவுகளும் ஒருவருடைய கைபேசிக்குள் முடங்கக்கூடாது என்பதுதான் என் வேண்டுகோளின் சாரம். எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எழுத்துமூல அனுமதியோடு, குரல் கொடுத்தவரின் சம்மதத்தையும் சேர்த்து, பொது இடமொன்றில் வைக்கவேண்டும். அப்படி வைத்தால் மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ இருப்பவர் தம் பக்கத்தை எழுதிக்கொண்டு இதே குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். தமக்கு இந்தக் குரல் பிடிக்காவிட்டால் அதே பட்டியலைத் தங்கள் ஊரார் ஒருவர் வாசிக்கப் பதிந்துகொள்ளலாம். பேரப்பிள்ளையின் குரலில் நேரம் கேட்க விரும்பும் பாட்டிகளும் இருப்பார்கள். கோப்புகளின் பெயர்களை மாற்றாமல் வைத்தால் அதுவும் நடக்கும். உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பில் உள்ள நூலகங்கள் வாசிகசாலை மேசையில் ஒரு டெப்லெட்டை இதற்காக ஒதுக்கலாம். பிரதேச செயலகங்களின் சமூக சேவைகள் உத்தியோகத்தர்கள், முதியோர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது வந்தவர்களின் கைபேசிகளில் இதை ஏற்றிக் கொடுக்கலாம். எவருக்கும் பெரிய செலவு கிடையாது. தமிழில் பதிந்து முடித்ததும் இதே முறையில் சிங்களத்துக்கும் ஒரு தொகுதி செய்துவிடுவது நமது நகருக்குப் பொருத்தமாகவும் இருக்கும்; அந்த மொழியில் எத்தனை சொற்றொடர்கள் வேண்டும் என்பதை அம்மொழி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுக் கணக்கிடவேண்டும்.

வாசிக்கவேண்டிய வாக்கியங்களின் முழுப் பட்டியலைக் கையால் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். இடமிருப்பின் அதனை மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறும், குரல் கொடுக்க முன்வரும் வாசகர்களின் கடிதங்களை எனக்கு அனுப்பிவைக்குமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.